பதினொன்றே கால் மீட்டர்

ஒரு விடுகதை போடுகிறேன், சொல்லுங்கள் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாது. கையில் பிடிக்க முடியாது. தராசில் வைத்தால் முள் அசையாது. ஆனால் ஒரு குழாய்க்குள் பட்டாணி அளவு புகுந்துகொண்டால், எண்ணூறு கிலோ வண்டி நிற்காது. அது என்ன?

பேய் என்கிறீர்களா? என் மச்சினனும் அதைத்தான் சொன்னான். இல்லை. காற்று. வெறும் காற்று.

நீங்கள் வந்ததும் வராததுமாக என் கேரவனின் சக்கரத்துக்குள் குனிந்து எட்டிப் பார்த்தீர்களே, அதனால்தான் கேட்டேன். இந்த டீக்கடையில் நிறுத்துகிறவர்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்கள், உள்ளே கட்டில் இருக்கிறதா, அடுப்பு இருக்கிறதா என்று கேட்பார்கள். சக்கரத்தைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். உட்காருங்கள். டீ சொல்லியிருக்கிறேன்.

அங்கே பளபளவென்று வட்டமாகத் தெரிகிறதே, அதுதான் டிஸ்க். அதைக் கவ்விக்கொண்டிருப்பது காலிப்பர். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற பிரேக். தைப் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன், போன வாரம்தான் முடிந்தது. இடையில் என்ன பாடு பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

என் பெயர் பூபதி. கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு செட்டுக்குப் பித்தளை புஷ் கடைந்து கொடுப்பது தொழில். ஒரு தலைமுடி கனம் கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அளவு விஷயத்தில் நான் கறார். இந்தக் கேரவனும் நானே கட்டியதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் சட்டம் அடித்து, தகரம் போர்த்தி, உள்ளே மூன்று பேர் படுக்க இடம் செய்தேன். மேலே சின்னக் கட்டில் நேத்ராவுக்கு. நேத்ரா என் மகள். ஆறாவது முடித்திருக்கிறாள்.

ஒவ்வொரு மே மாதமும் கோத்தகிரிக்கு மேலே ஒரு தெரிந்தவருடைய தேயிலைத் தோட்டத்தில் இதைக் கொண்டுபோய் நிறுத்துவோம். பத்து நாள். நான், என் வீட்டுக்காரி சுகந்தி, நேத்ரா. மூன்று வருஷம் அப்படித்தான் போய் வந்தோம்.

போன வருஷம் இறங்கும்போதுதான் அந்தச் சம்பவம்.

இதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். கேரவனில் ஓட்டுகிறவர் கிடையாது, அதனால் காலால் மிதிக்க ஆள் இல்லை. பிறகு எப்படிப் பிரேக் பிடிக்கும்? முன்னால் இழுத்துப்போகிற என் ஜீப் வேகம் குறைத்தால், பின்னால் வருவது சும்மா இருக்காது, வந்து முட்டும். அந்த முட்டலை, இரண்டையும் இணைக்கிற கொக்கி வாங்கிக்கொண்டு, அதையே கேரவனின் சக்கரத்துக்குப் பிரேக்காகக் கொடுக்கும். எவ்வளவு முட்டுகிறதோ அவ்வளவு பிரேக். யோசித்துப் பார்த்தால் அழகான ஏற்பாடு. ஆனால் மலை இறக்கத்தில் அது முட்டிக்கொண்டேதானே வரும்? அப்போது பிரேக்கும் பிடித்துக்கொண்டே வரும். பழையது டிரம் பிரேக். மூடிய சட்டிக்குள் கட்டை தேய்வது போல. சூடு வெளியே போக வழியில்லை. சூடு ஏற ஏறப் பிடிப்பு போய்விடும்.

கோத்தகிரியிலிருந்து கிளம்பி ஏழெட்டு வளைவு வந்திருப்போம். பின் சீட்டிலிருந்து நேத்ரா, "அப்பா, ஏதோ தீயற வாசம் வருதுங்ப்பா" என்றாள்.

"லாரிக்காரன் எவனாவது போயிருப்பான்" என்றேன்.

இரண்டு வளைவு கழித்து, "அப்பா, நம்ம வண்டிதாங்ப்பா. நிறுத்துங்க" என்றாள்.

"கம்முனு உக்காரு கண்ணு. வண்டி ஓட்டறது நீயா நானா?"

மறுக்கா சொன்னாள். சுகந்தியும் என் முகத்தைப் பார்த்தாள். மலை இறக்கத்தில், வளைவில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது, ஒரு குழந்தை சொல்கிறது என்று நடு ரோட்டில் நிறுத்த முடியுமா? நீங்களே சொல்லுங்கள். நாலாவது தடவை அவள் சொன்னபோது, வாயை மூடு என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வளைவில் ஜீப் பிரேக்கை மிதிக்கிறேன், பின்னாலிருந்து எருமை முட்டுவது போல் தள்ளுகிறது. கேரவனுக்குப் பிரேக் சுத்தமாக இல்லை. கியரைக் குறைத்தேன். கேட்கவில்லை. மலைச்சுவர் ஓரமாக ஒடித்து, கேரவனின் இடது கன்னத்தைப் பாறையில் உரசவிட்டு, உரசவிட்டு நிறுத்தினேன். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் நேரே பள்ளத்தில் விட்டிருப்பான். அதை இன்றுவரை என் வீட்டில் ஒருத்தரும் சொன்னதில்லை.

நான் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன், நேத்ரா தன் பையை மாட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். நடக்க ஆரம்பித்தாள். அழவில்லை, கத்தவில்லை. இறக்கத்தில் மேட்டுப்பாளையம் பக்கமாக நடக்கிறாள். சுகந்தி பின்னாலேயே ஓடினாள். அரைக் கிலோமீட்டர் போய் ஒரு பஸ்ஸைக் கை காட்டி ஏறிக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அன்றிலிருந்து, கேரவன் மாட்டியிருந்தால் நேத்ரா ஜீப்பில் ஏறமாட்டாள். வெறும் ஜீப் என்றால் ஸ்கூலுக்குக்கூட வருவாள். பின்னால் இது இருந்தால் இல்லை. ஆயுத பூஜைக்குக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன், தெரு முனை வரைக்கும்கூட வரவில்லை. சுகந்தி ஒரே வார்த்தை சொல்லிவிட்டாள்: "நேத்ரா ஏறுனா நானும் ஏறுவேன். இல்லாட்டி நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

பத்து நாள் நான் மட்டும் போய் அங்கே என்ன செய்வது? தேயிலைச் செடியோடு பேசிக்கொண்டிருப்பதா? இந்தப் பெட்டியைக் கட்டியதே அவர்கள் இரண்டு பேருக்காக. அந்த மேல் கட்டிலில் அவள் படுத்துக்கொண்டு, கீழே படுத்திருக்கும் என்னிடம் ஸ்கூல் கதையெல்லாம் சொல்வாள். வீட்டில் வருஷம் முழுக்கச் சொல்லாததை அந்தப் பத்து நாளில் சொல்வாள். பட்டறையில் இருப்பவனுக்கு அதுதானே கிடைப்பது.

சரி, குழந்தை பிரேக்கைப் பார்த்துப் பயந்துவிட்டது. அப்படியானால் பிரேக்கை மாற்றிவிட்டால் தீர்ந்தது. அவ்வளவுதானே? சுகந்தியிடம் சொன்னேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டே, "அவ பிரேக்கைப் பத்தியா சொன்னா?" என்றாள். வேறு எதைப் பற்றிச் சொல்வாள், பெயின்டைப் பற்றியா? இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

ஆக, டிஸ்க் பிரேக். டிஸ்க் வெளியே திறந்து நிற்கும். காற்றுப் பட்டுச் சூடு போய்விடும். கொக்கியில் ஒரு மாஸ்டர் சிலிண்டர். கொக்கி முட்டினால் அது எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் குழாய் வழியாகப் போய்க் காலிப்பரைத் தள்ளும், காலிப்பர் டிஸ்க்கைக் கவ்வும். அச்சைக் கழற்றி, பட்டறையில் வைத்து, காலிப்பர் உட்காரும் தாங்கிகளை நானே வெட்டிப் பற்றவைத்தேன். அளவு ஒரு நூல் பிசகவில்லை.

பிறகுதான் அந்தக் காற்று.

குழாய் மாட்டும்போது உள்ளே காற்று இருக்கும். அதை வெளியேற்ற வேண்டும். எண்ணெயை அமுக்கினால் சுருங்காது, இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் தள்ளும். காற்று அப்படியில்லை, அமுக்கினால் சுருங்கிக்கொண்டு வேலையை ஏமாற்றும். காலிப்பரில் நிப்பிள் என்று சின்னத் திறப்பு இருக்கும். ஒருவர் கொக்கிப் பக்கம் கம்பியைச் செருகி அமுக்க வேண்டும், இன்னொருவர் நிப்பிளைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். இரண்டு ஆள் வேலை. அமுக்குவதற்கு நேத்ராவைக் கூப்பிட்டேன். தன் பிரேக்கைத் தானே செய்தால் பயம் தெளியும் இல்லையா? அவளும் வந்தாள். சும்மா சொல்லக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றாள்.

நான் சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு, "அமுக்கு" என்பேன்.

"அமுக்கிட்டேன்."

"பிடிச்சுக்கோ." திறப்பேன், எண்ணெய் வரும், மூடுவேன். "விடு."

"விட்டுட்டேன்."

இப்படியே. அமுக்கு, பிடி, விடு. அமுக்கு, பிடி, விடு. நிப்பிளில் எண்ணெய்தான் வருகிறது, குமிழி ஒன்றுகூட இல்லை. சரி, காற்று போய்விட்டது என்று எழுந்துபோய்க் கம்பியை அமுக்கிப் பார்த்தால் பஞ்சு போல் இறங்குகிறது. உள்ளே காற்று இருக்கிறது. மறுபடியும் படு. "அமுக்கு."

"அப்பா, கை வலிக்குது. போதுங்ப்பா."

"இன்னும் பத்தே தடவை சாமி." பத்து என்று சொன்னேன், நாற்பது ஆகியிருக்கும். அதை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, சாயந்திரம் சுகந்தியிடம் முப்பத்தேழு என்று சொன்னாளாம். குழந்தைகள் எதையெல்லாம் எண்ணுகின்றன பாருங்கள்.

இப்படி நாலு ஞாயிற்றுக்கிழமை. எண்ணெய் விற்றவன் கலப்படம் செய்துவிட்டான் என்று கடை மாற்றினேன். குழாய் முனை சரியில்லை என்று எல்லா முனையையும் புதிதாகக் கடைந்தேன். மாஸ்டர் சிலிண்டர் பழுது என்று அதை இரண்டு தடவை பிரித்தேன். நேத்ரா சரியாக அமுக்கவில்லை என்று மச்சினனைப் போட்டு அமுக்கினேன். அவன்தான் பேய் என்று சொல்லிவிட்டு, சாப்பிடப் போகிறேன் என்று போனவன் அந்தப் பக்கமே வரவில்லை.

ராத்திரித் தூக்கத்தில்கூட "பிடிச்சுக்கோ" என்கிறேன் என்று சுகந்தி சொன்னாள்.

கடைசியில் யூசுப் பாயைக் கூப்பிட்டேன். உக்கடத்தில் முப்பது வருஷமாக வண்டி மெக்கானிக். அவரைக் கூப்பிடுவது எனக்கு மானப் பிரச்சினை, ஆனால் வேறு வழியில்லை. வந்தார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். கையைக்கூட வைக்கவில்லை.

"பூபதி, நிப்பிள் கீழே இருக்கே."

"ஆமாங்க பாய். அதனாலென்ன?"

"காத்து எங்கப்பா போகும்? மேலே போய் உக்காந்துக்கும். நீ கீழே கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு, வா வான்னா எப்புடி வரும்? ரெண்டு காலிப்பரையும் பக்கம் மாத்தி மாட்டியிருக்கே. இடதுபக்கத்தது வலதுல, வலதுபக்கத்தது இடதுல."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. நான் பக்கம் மாற்றி மாட்டுவேனா? இரண்டு பக்கமும் சாக்பீஸால் எழுதி வைத்துத்தான் மாட்டினேன். எழுதியதைக் காட்டினேன்.

பாய் சிரிக்க ஆரம்பித்தார். "எங்க நின்னு எழுதுனே?"

"முன்னாடி நின்னு. கொக்கிப் பக்கம். வேற எங்க நிப்பாங்க?"

பாருங்கள், லேத் முன்னால் நிற்கிறவனுக்கு இடது என்றால் அவன் இடது கைப் பக்கம். வேலையைப் பார்த்து நிற்போம், வேலை எங்களைப் பார்க்கும். இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான். வண்டிக்காரர்களுக்கு அப்படியில்லையாம். வண்டிக்குள் உட்கார்ந்து முன்னால் பார்த்தால் எது இடதோ அதுதான் இடதாம். இதை அந்தக் காலிப்பர் டப்பாவில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா? இல்லை. எழுதாதது யார் தப்பு?

இதில் இன்னொரு விஷயம். பாய் சொன்ன அதே நேரத்தில் நேத்ரா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே கம்பியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்து, "அப்பா, காத்து மேலதானுங்ப்பா போகும்? இந்தக் குழாய் ஏன் கீழ இருக்குது?" என்று கேட்டிருந்தாள். ஸ்கூல் பாடத்தில் வருமாம். நான், "போயி கம்பியைப் பிடி" என்றேன். அவள் கேள்வியாகக் கேட்டாள். பாய் மாதிரி, பக்கம் மாறியிருக்கிறது என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேனா? குழந்தைகளுக்கு விஷயம் தெரியும், சொல்லத்தான் தெரியாது.

காலிப்பர்களைப் பக்கம் மாற்றினோம். பதினைந்தே நிமிஷம். பொலபொலவென்று குமிழி வந்தது. கம்பி கல் மாதிரி நின்றது.

அதோடு முடிந்ததா? மறுநாள் பட்டறையிலிருந்து வெளியே எடுத்து, வீட்டுச் சந்துக்குள் பின்பக்கமாக விடுகிறேன், கேரவன் நகரவே மாட்டேன் என்கிறது. ஏன் என்று யோசியுங்கள். பின்னால் தள்ளும்போதும் ஜீப் கொக்கியை முட்டத்தானே செய்கிறது? அந்த முட்டலும் பிரேக்காகிவிட்டது. பழைய டிரம்மில் பின்னால் போனால் விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு இருந்தது, இதில் இல்லை. பாதி ரோட்டில், பாதி சந்தில் மூன்று நாள் நின்றது. பால்காரர் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார். சுகந்தி தெருவே கேட்கும்படி, "போன வருசம் நிக்க மாட்டேன்னுச்சு, இந்த வருசம் நவுர மாட்டேங்குது" என்றாள். ரிவர்ஸ் லைட்டிலிருந்து ஒயர் இழுத்து ஒரு வால்வு வைத்தேன். ரிவர்ஸ் போட்டால் எண்ணெய் வழி அடைத்துக்கொள்ளும். அதையும் சரிசெய்தேன். யாரும் கை தட்டவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அன்னூர் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் சோதனை. சாக்பீஸால் கோடு போட்டேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக். எங்கே நிற்கிறதோ அதுவரை டேப்பால் அளக்க வேண்டும். டேப்பின் அந்த முனையைப் பிடிக்க நேத்ராவைத் தனியாகச் சுகந்தியின் ஸ்கூட்டரில் வரச்சொன்னேன். பழைய பிரேக்கில் பத்தொன்பது மீட்டர் ஓடிய வண்டி, இப்போது பதினொன்றே கால் மீட்டர். ஐந்து தடவை செய்தோம். ஐந்து தடவையும் பதினொன்றே கால், ஒரு விரற்கடை முன்னே பின்னே. நேத்ரா அவள் கையாலேயே நோட்டில் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு போட்டு எழுதினாள்.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்" என்றாள்.

"இனி பயமில்லையே?"

டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "நல்லா நிக்குதுங்ப்பா" என்றாள். இதைவிட ஒரு குழந்தை எப்படிச் சொல்லும்? அன்றைக்கே மேல் கட்டிலுக்குப் புது மெத்தை உறை வாங்கினேன். சுகந்தி மட்டும், "நீங்களா எதையும் முடிவு பண்ணாதீங்க. அன்னிக்கு அவளையே கேளுங்க" என்றாள். கேட்டால் போகிறது, எனக்கென்ன பயம்? அளவு என் பக்கம் இருக்கிறது.

இன்றைக்குக் காலையில் கிளம்பினோம். மேட்டுப்பாளையம் வரை சமவெளிதானே, கேட்பதை மலை அடிவாரத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று அவர்கள் இரண்டு பேரும் ரயிலில் வந்தார்கள், நான் இதை ஓட்டிக்கொண்டு வந்தேன். பைகள் எல்லாம் ஜீப்பில். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஓரமாக நிறுத்தினேன். கோத்தகிரி பஸ் இன்ஜினை ஓடவிட்டு நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார்.

சுகந்தி ஜீப்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நின்றாள். நான் ஜீப்பின் கதவைத் திறந்து வைத்தேன். "நேத்ரா, நீயே சொல்லு கண்ணு. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

நேத்ரா கேரவனைப் பார்த்தாள். சக்கரத்துப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். திரும்பி வந்து என் எதிரில் நின்று ஒன்று கேட்டாள்.

"அப்பா, நடு வழியில நான் நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்துவீங்களா?"

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஏறுவதைப் பற்றி ஒரு வருஷமாக வாயே திறக்காதவள் இப்போது கேட்கிறாள், அதுவும் சரியான கேள்வி. இதற்குத்தானே நான் காத்திருந்தேன். அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்து, தரையில் விரலால் வரைந்து காட்டினேன். டிஸ்க் எப்படித் திறந்து நிற்கிறது, காற்றுப் பட்டு எப்படிச் சூடு போகிறது, இரண்டு பக்கமும் பட்டை எப்படிக் கவ்வுகிறது என்று ஒன்று விடாமல் சொன்னேன். நாற்பதில் வந்தால் பதினொன்றே கால் மீட்டர், நீதானே எழுதினாய் என்றேன். இருபதில் வந்தால் நாலு மீட்டர்கூட ஆகாது, மலையில் நாம் இருபதைத் தாண்டப்போவதில்லை என்றேன். நீ நிறுத்தச் சொல்ல வேண்டிய அவசியமே வராது கண்ணு, அப்படிச் செய்திருக்கிறேன் என்றேன்.

அவள் கடைசிவரை நின்று கேட்டாள்.

"சரிங்ப்பா" என்றாள்.

பின் சீட்டிலிருந்து தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கோத்தகிரி பஸ்ஸில் ஏறினாள்.